வரவு, பரிசு, வெட்டி: ஓர் உள்ளூர் ஆட்டத்தின் கணக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் பொங்கலை ஒட்டியும் கோடையிலும் நடக்கிற கபடிப் போட்டிகளின் வரவு செலவு நோட்டை எடுத்துப் பார்த்தால், செலவுப் பக்கத்தில் நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மைக் செட்டுக்கு 'வாடகை'. சமையல்காரருக்குக் 'கூலி'. நடுவருக்குச் 'சம்பளம்'. ஆடுகிறவனுக்குப் 'பரிசு'. எங்கள் பகுதியில் சில வருடங்கள் இந்த நோட்டை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நான்கு சொற்களும் ஒருநாளும் இடம் மாறியதில்லை. ஜெனரேட்டர்காரருக்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை. ரைடு போனவனுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. இந்தச் சொற்பிரிவினை பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஓர் ஆட்டம் எவ்வளவு பணம் கொண்டுவருகிறது என்று நாம் கேட்கத் தொடங்கும் முன்பே, எது பணம், எது மரியாதை என்பது தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்டுப் பழகிய நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரிகள் நடத்தும் 'புட்பால்' நாம் காலால் உதைக்கிற ஆட்டம் கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசம் அணிந்த உடல்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதி முன்னேறுகிற ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். அது இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,24,000. ஓர் ஊரே எழுந்து போய் உட்காரக்கூடிய மைதானம். ஒரு பருவத்தில் சொந்த ஊரில் நடப்பவை ஆறு, ஏழு, அதிகம் போனால் எட்டு ஆட்டங்கள்தான். அந்த ஏழெட்டு சனிக்கிழமைகளில் வருடம் முழுவதற்குமான பணத்தை அள்ளியாக வேண்டும்.

எப்படி அள்ளுகிறார்கள்? லட்சம் இருக்கை, சராசரி டிக்கெட் 70 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் ஒரே நாளில் 70 லட்சம் டாலர். இது மேல்வாசல் வரவு மட்டும். நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் வாங்குகிற உரிமைக்காகவே முதலில் பல்கலைக்கழகத்துக்கு 'நன்கொடை' தர வேண்டும். கண்ணாடி அறைகள், வண்டி நிறுத்த இடம், தின்பண்டம், விளம்பரத் தட்டி எல்லாம் தனித்தனி. இதற்கெல்லாம் மேலே தொலைக்காட்சி. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒளிபரப்பு உரிமையை என்சிஏஏ என்ற தேசியச் சங்கம் மட்டுமே கையில் வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகக் கூட்டணிகள் தாங்களே பேரம் பேசுகின்றன. 'பிக் டென்' கூட்டணி 2022ல் போட்ட ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேல். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கோ துணைவேந்தருக்கோ இல்லை, புட்பால் பயிற்சியாளருக்கு.

இதற்குள் ஒரு சின்ன வியாபாரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் கல்வராயன் மலைக்கு வரும்போது தேவைப்படும். பெரிய பல்கலைக்கழகம் தன் உள்ளூர் ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள, ஒரு சின்னக் கல்லூரி அணியைப் பணம் கொடுத்து வரவழைக்கும். வந்து, பெரும்பாலும் உதை வாங்கித் தோற்றுவிட்டுப் போவதற்கு 'உத்தரவாதத் தொகை'. 2007 செப்டம்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணிக்கு மிச்சிகன் 4 லட்சம் டாலர் தந்தது. அந்த அணி 34-32 என்று ஜெயித்துவிட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு போனது வேறு கதை. இன்று இந்தத் தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. தோற்பதற்கும் அங்கே விலை உண்டு.

ஆடுகிறவனுக்கு என்ன விலை? நெடுங்காலம் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. அவ்வளவே. அவன் 'மாணவ வீரன்'. இந்தச் சொல் தானாக முளைக்கவில்லை. 1953ல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம், டென்வர் பல்கலைக்கழகத்துக்கு ஆடிக் காயம்பட்ட எர்னஸ்ட் நெமெத்தைத் தொழிலாளியாக ஏற்று இழப்பீட்டை உறுதிசெய்தது. சங்கத்துக்கு உதறல் எடுத்தது. 1955ல் போர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்கு ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1957ல் அதே நீதிமன்றம் மறுத்தது. சொன்ன காரணத்தின் சாரம்: கல்லூரி புட்பால் வியாபாரத்தில் இல்லை. இந்த ஐம்பதுகளில்தான் 'மாணவ வீரன்' என்ற சொல்லைச் சங்கம் தன் விதிகளில் புகுத்தியது. 1951 முதல் 1987 வரை அச்சங்கத்தை நடத்திய வால்டர் பையர்ஸ், 1995ல் வெளியான தன் நினைவு நூலில், ஆட்டக்காரனை ஊழியன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சொல்லைக் கொண்டுவந்ததாக ஒத்துக்கொண்டார். 1974ல் ஆடுகளத்தில் அடிபட்டு உடல் செயலிழந்த கென்ட் வால்ட்ரெப்பை 2000ல்கூட டெக்சாஸ் நீதிமன்றம் ஊழியன் இல்லை என்றே சொன்னது.

ஒரு சொல், நாற்பத்தைந்து வருடம், இத்தனை உடல்கள். சொல்லாடல் என்பதெல்லாம் ஏட்டுச் சமாச்சாரம் என்று அலுத்துக்கொள்கிற தோழர்கள் இந்த வழக்குகளைப் படிக்கலாம்.

கல்லூரிக்கு வருவது ஒரு பக்கம் இருக்கட்டும், 'ஊருக்கு' எவ்வளவு வருகிறது என்று இன்னொரு பெருங்கணக்கு உண்டு. ஒவ்வொரு உள்ளூர் ஆட்டமும் நகரத்துக்கு இத்தனை கோடி கொண்டுவருகிறது என்று வணிகர் சங்கங்கள் அறிக்கை விடும். போடும் முறை எளிது: வந்த தலைகள், தலைக்கு இவ்வளவு செலவு, அதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கு. இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஆட்டம் இல்லாவிட்டால் அதே ஊர்க்காரர் அதே பணத்தை வேறு கடையில் செலவழித்திருப்பார். இது இடம் மாறிய பணமே தவிர புதுப்பணம் இல்லை. இரண்டாவது, ஓட்டலில் கொடுத்த பணம் அந்த ஊரில் தங்குவதில்லை, ஓட்டல் முதலாளி எந்த ஊரோ அந்த ஊருக்குப் போய்விடும். பாடே, பாமன், மேதிசன் ஆகிய மூன்று பொருளாதாரவாதிகள் 1970 முதல் 2004 வரை 63 நகரப் பகுதிகளின் புள்ளிவிவரத்தை ஆராய்ந்து 2008ல் கட்டுரை வெளியிட்டார்கள். கல்லூரி புட்பால் ஆட்டங்களால் அந்த நகரங்களின் வேலைவாய்ப்போ வருமானமோ குறிப்பிடத்தக்க அளவு கூடியதாக அவர்களுக்குத் தெரியவில்லை.

நமக்கும் இப்படி ஒரு சோதனை நடந்தது, நாம்தான் கவனிக்கவில்லை. 2018ல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10ஆம் தேதி ஒரே ஒரு ஐபிஎல் ஆட்டம் நடந்தது. மீதி ஆறு சென்னை ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. 'சென்னைக்கு எவ்வளவு இழப்பு' என்று அப்போது நிறையப் பேசினார்கள். சேப்பாக்கத்துக்குப் போகாதவர் கையிலிருந்த டிக்கெட் காசு காற்றில் கரைந்துவிடுமா என்ன? துணிக்கடைக்கோ ஓட்டலுக்கோ போயிருக்கும். உண்மையில் இழந்தவர்கள் மைதானத்துக்கு வெளியே மஞ்சள் சட்டையும் கொடியும் விற்கிறவர்கள். அவர்கள் கணக்கை யாரும் எடுக்கவில்லை. அணிக்கோ மடியில் கனமில்லை, ஏனென்றால் பெரும் பணம் வாசலில் வருவதே கிடையாது. 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம் என்ற கணக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. டிக்கெட் வாங்கி உள்ளே உட்காருகிறவர் இன்றைக்கு ஒரு வகையில் காட்சிப்பொருள்தான். அந்தக் காட்சிப்பொருளிடம் 2025 செப்டம்பரிலிருந்து டிக்கெட்டுக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டியும் வாங்குகிறார்கள்.

கபடிக்கும் இந்த மூலதனம் வந்துவிட்டது. 2014ல் புரோ கபடி, 2017ல் தமிழ் தலைவாஸ். 2021ல் அதன் ஒளிபரப்பு உரிமை ஐந்து பருவத்துக்கு 908 கோடி. 2022ல் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போய், மீதிப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அவருக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. சின்னசேலத்திலும் தியாகதுருகத்திலும் அதே முழங்கால்தான், அதே ஆங்கிள் பிடிதான். காகிதம் மட்டும் இல்லை.

இப்போது நம்ம நோட்டுக்கு வருவோம். கிராமத்துக் கபடிக்கு டிக்கெட் கிடையாது. கோயில் முன்னாலோ பள்ளிக்கூட மைதானத்திலோ, அறுத்த வயலிலோ, எவரும் வந்து நிற்கலாம். ஆக, வாசல் வரவு பூஜ்யம். அப்படியானால் பணம் எங்கிருந்து? முதலாவது நுழைவுக் கட்டணம், அதாவது ஆட வருகிறவனே கட்டுவது. இரண்டாவது நன்கொடை: ஊராட்சித் தலைவர், ஒன்றியச் செயலாளர், ஜவ்வரிசி ஆலைக்காரர், ரைஸ்மில்காரர், மக்காச்சோள வியாபாரி, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற ஊர்ப் பையன்கள். மூன்றாவது பஜ்ஜிக் கடை, ஐஸ் வண்டியிடம் வாங்கும் சில்லறை.

வெறும் கணக்குக்காக: 32 அணி, அணிக்கு 500 ரூபாய் என்றால் 16,000. முதல் பரிசு 20,000, அடுத்தது 15,000, பிறகு இரண்டு பத்தாயிரம். ஆகப் பரிசு மட்டும் 55,000. இதோடு மைக், லைட், ஜெனரேட்டர், பந்தல், நடுவர், சாப்பாடு, நோட்டீஸ், பிளெக்ஸ், கோப்பை. ஆகவே நன்கொடை இல்லாமல் ஆட்டம் இல்லை. நன்கொடையாளர் வாங்குவது என்ன? நோட்டீசில் எழுத்து. எந்தக் கபடி நோட்டீசையும் எடுத்துப் பாருங்கள்: தலைமை, முன்னிலை, சிறப்பு அழைப்பாளர், முதல் பரிசு வழங்குபவர், கோப்பை வழங்குபவர் என்று ஐம்பது பெயராவது இருக்கும். ஆடப்போகிற ஒருவன் பெயர் இருக்காது. அமெரிக்காவில் தொலைக்காட்சி வாங்குவதை இங்கே ஒன்றியச் செயலாளர் வாங்குகிறார்: கூடியிருக்கும் கூட்டத்தின் கண்ணை. விலைதான் வேறு.

32 அணியில் 16 அணி ஓர் ஆட்டத்தோடு வெளியே. ஜெயித்த அணிக்கே, 20,000த்தை ஏழும் ஐந்தும் பன்னிரண்டு பேர் பிரித்தால் தலைக்கு 1,666 ரூபாய், அதுவும் வண்டி வாடகை கழிக்காமல். ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஐந்து ஆட்டம் ஆடி வாங்கியது அது.

மலையிலிருந்து வருகிற அணியை இதில் வைத்துப் பாருங்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கமிருந்து பையன்கள் இறங்கி வருகிறார்கள். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு மேலே போகப் பஸ் கிடையாது. 'சின்ன யானை' பேசிக்கொண்டு வர வேண்டும். அதன் வாடகை நுழைவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. முதல் ஆட்டத்தில் தோற்றால் அத்தனையும் கைக்காசு. அமெரிக்கச் சின்னக் கல்லூரி, பணம் வாங்கிக்கொண்டு வந்து தோற்கிறது. கல்வராயன் மலை அணி பணம் கட்டி வந்து தோற்கிறது. கீழே நடக்கிற 'மாபெரும்' போட்டிக்கு அந்த 'மாபெரும்' என்ற அடைமொழியைத் தருவதே இப்படித் தோற்கப்போகிற அணிகளின் எண்ணிக்கைதான். அவர்கள் வராவிட்டால் அது நாலு தெருப் போட்டி.

மலையாளிப் பழங்குடிகளின் இந்த மலைக்கு 'வெட்டி' என்ற சொல் புதிதில்லை. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு சேர்ந்து வருகிற சொல் அது. கூலியில்லாமல் செய்தாக வேண்டிய உழைப்பு என்று பொருள். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலை மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976ல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருடம். சொல் மட்டும் சாகவில்லை, பொருளை மாற்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டது. இன்று 'வெட்டிப் பய' என்றால் வேலை செய்யாதவன். கூலி தராமல் வேலை வாங்கியவனைக் குறித்திருக்க வேண்டிய இழிவு, கூலி கிடைக்காதவன் தலையில் ஏறிவிட்டது. கபடி ஆடப் போகிறவனைப் பார்த்து வீட்டில் சொல்வதும் அதைத்தான்: 'வெட்டியாச் சுத்துறான்.' அவனைச் சுற்றித்தான் பந்தல்காரருக்கு வாடகையும் நடுவருக்குச் சம்பளமும் பிறக்கின்றன.

அப்படியானால் ஏன் ஆடுகிறான்? சந்தோஷத்துக்காக என்பது முழு உண்மை, அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஒரு ரைடுகூடப் பார்க்காதவர்கள். சாதி பிரித்து வைத்த ஊரில் தொட்டுப் பிடிப்பதையே விதியாகக் கொண்ட ஆட்டம் இது; காலனிப் பையன் ஊர்ப் பையனின் இடுப்பைப் பிடித்து மண்ணில் சாய்க்கலாம், அதற்குப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி களத்துக்கு வெளியே செல்லாது என்பதால்தான் போலீஸ் அனுமதிக்கு இத்தனை இழுபறி, சட்டையில் சாதி அடையாளம் கூடாது என்ற நிபந்தனைகள். சந்தோஷத்தோடு ஒரு வாக்குறுதியும் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. போலீஸ், ரயில்வே, வங்கி அணிகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். கோயில் திடலில் வாங்கிய கோப்பை அலமாரியில்தான் நிற்கும். படிப்பு என்ற வாக்குறுதியை அமெரிக்கக் கல்லூரி கூலிக்குப் பதிலாகக் கொடுத்தது போல, இங்கே சர்க்கார் வேலை என்ற கனவு. அதையும் போட்டி நடத்துகிறவர் கொடுப்பதில்லை.

இந்தக் கணக்கின் விடுபட்ட பத்தி ஓர் உடல் விழும்போதுதான் தெரியும். 2022 ஜூலையில், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி அருகே, ரைடு போன ஒரு கல்லூரி மாணவர் களத்திலேயே விழுந்து இறந்தார். கைபேசியில் எடுத்த காட்சி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அஞ்சலி செலுத்தினார்கள், நானும் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வந்த நோட்டீசுகளைப் பார்த்தேன். அடியில் அதே வரி, அதே பொடி எழுத்தில்: 'போட்டியில் ஏற்படும் காயங்களுக்கு விழாக் கமிட்டியார் பொறுப்பல்ல.' 1957ல் கொலராடோ நீதிமன்றம் பல பக்கம் எழுதிச் சொன்னதை நம்மூர் அச்சகக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்.

செத்தவன் குடும்பத்துக்கு வருவதானால் அரசின் 'நிவாரணம்' வரலாம். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் கொடுப்பவரின் இரக்கம். இழப்பீடு வாங்குபவரின் உரிமை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கையில் எடுக்க முதலில் 'வேலை கொடுத்தவர்' என்று ஒருவர் வேண்டும். பரிசு கொடுத்தவர் வேலை கொடுத்தவர் ஆகமாட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய சொல் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். இதே வட்டாரத்தில் அதே மாதிரித் திடலில், அதே மாதிரி விடிய விடிய ஆடுகிற தெருக்கூத்துக்காரருக்கு 2007லிருந்து நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. அதன் உதவிகள் போதாதவை, வாங்க அலைய வேண்டும், எல்லாம் சரி. ஆனாலும் கூத்து ஓர் உழைப்பு என்று அரசு ஒரு காகிதத்தில் ஏற்றிருக்கிறது.

'காசு பேச ஆரம்பித்தால் ஆட்டம் கெட்டுவிடும்' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் அறுபது வருடம் இதையே சொன்னார்கள். 2021ல் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்ற தீர்ப்பில் சங்கத்தின் கட்டுப்பாடுகளில் ஒரு பகுதியை உடைத்தது; அதே ஜூலையிலிருந்து ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்க முடிந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். முந்தைய வருடங்களுக்கான ஈடு சுமார் 280 கோடி டாலர். மைதானங்கள் காலியாகவில்லை. ஆனால் கவனியுங்கள், இத்தனைக்கும் பிறகும் 'ஊழியர்' என்ற சொல்லை அந்தச் சமரசத்தில் ஏற்கவில்லை. பணத்தைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், பெயரைக் கொடுக்க மாட்டார்கள்.

நம் அளவுக்கு உடனடியாகச் செய்யக்கூடியது சின்னது. பிரதமர் பெயரிலான விபத்துக் காப்பீடு ஆளுக்கு வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு 240 ரூபாய். நோட்டீசின் அடிவரியை எடுத்துவிட்டு அணிக்கு ஒரு 240 ரூபாயைக் கமிட்டி ஏற்கலாம், 32 அணிக்கு 7,680. சிக்கல் இல்லாமலில்லை: வங்கிக் கணக்கு வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும் (களத்தில் பாதிப் பேருக்கு நிறைந்திருக்காது), மாரடைப்பால் இறந்தால் அது விபத்தாகாது. முழங்கால் போனால் இதில் ஒன்றும் இல்லை.

வண்டி வாடகை விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. பெயர் பெற்ற அணிகளைக் கமிட்டிகளே போன் போட்டு அழைத்து, போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் தருகின்றன. கூட்டம் சேர அந்த அணி வேண்டுமே. ஆக, வருகிறவனுக்குப் பணம் தருவது நம் மரபுக்கு விரோதம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் செலவை நோட்டில் 'அழைப்பு' என்ற தலைப்பில் எழுதுவோம். நான் எழுதிய வருடங்களில் அந்தத் தலைப்பின் கீழ் மலையிலிருந்து வந்த அணி ஒன்றுகூட இல்லை.